பகலில் பிடித்த கிரகணம்

ஓரடி அகலம், ஒன்றரை அடி உயரம். தேக்கு நிறம் பூசிய மலிவான மரச்சட்டம். கண்ணாடிக்குள் வழவழப்பான ஒரு தாள். அதன் ஓரம் முழுக்கப் பன்னிரண்டு ராசிகளும் சின்னச் சின்ன வட்டங்களில் ஊர்வலம் போகின்றன. விருச்சிகத்தின் கொடுக்கு மட்டும் அச்சில் கொஞ்சம் நசுங்கியிருக்கும். நடுவில் தங்க நிற எழுத்தில் 'நீங்கள் பிறந்த மாதம்'. சிட்லபாக்கத்தில் அக்கா வீட்டுக் கூடத்தில், சுவிட்ச் போர்டுக்கு மேலே, இயேசு படத்துக்கு ஒரு முழம் தள்ளி, ஏறக்குறைய இருபது வருடம் அது தொங்கிக்கொண்டிருந்தது. அந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம், அதற்கு முதுகு காட்டும்படியான நாற்காலியாகப் பார்த்து உட்காருவேன். வெயில் கண்ணைக் குத்துகிறது என்று ஒரு சாக்கு. அந்தக் கூடத்தில் வெயில் விழுந்து நான் பார்த்ததில்லை.

தாளில் இருந்த வரிகள் என்னுடையவை. அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. மேற்குத் தாம்பரத்தில் ஒரு மாவு மில்லின் மாடியில் எங்கள் அலுவலகம். கீழே மில் ஓடினால் மேலே மேசை நடுங்கும். கம்ப்யூட்டர் கீபோர்டின்மேல் மிளகாய்த்தூளும் கோதுமை மாவும் கலந்த ஒரு மெல்லிய படலம் எப்போதும் இருக்கும். காலண்டர் அடித்து நொடித்துப்போன எங்கள் முதலாளி அடுத்துக் கண்டுபிடித்த தொழில் இது. பிறந்த தேதியையும் நேரத்தையும் கொடுத்தால் பழைய பஞ்சாங்கம் பார்த்து ராசியும் நட்சத்திரமும் அவர் குறித்துத் தருவார். அந்த மாதம் உலகத்தில் என்னென்ன நடந்தது என்று பழைய செய்தித்தாள் கட்டுகளைப் பிரித்து நான் எடுத்தெழுதுவேன். அறுபதாம் கல்யாணத்துக்கும் பணி ஓய்வு விழாவுக்கும் ஜனங்கள் பரிசாக வாங்கிப் போனார்கள். எங்கோ கடலில் ஒரு கப்பல் மூழ்கியதும், எந்த தேசத்திலோ ராஜாவைத் துரத்தியதும், குரோம்பேட்டையில் ஒரு குமாஸ்தா பிறந்ததும் ஒரே மாதத்தில் என்றால், மூன்றுக்கும் ரகசியமான ஓர் உறவு இருப்பதுபோல எழுதுவதில் நான் கெட்டிக்காரன். என் கவிதைகளைப் புத்தகமாகப் போட ஆளில்லை. ஆகவே ஊரார் பிறந்தநாட்களில் அவற்றைக் கொட்டிக்கொண்டிருந்தேன்.

தட்டச்சு செய்வதும் பிழை திருத்துவதும் அக்காவின் வேலை. கூடப்பிறந்தவர் இல்லை; என்னைவிடப் பத்து வயது மூத்தவர் என்பதால் அக்கா. கன்னியாஸ்திரிகள் நடத்திய ஓர் அநாதை இல்லத்தில் வளர்ந்து, தட்டச்சு ஹையர் பாஸ் செய்து, தனியாகச் சின்ன வீடு எடுத்துக்கொண்டு, ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவர். ராசியில் நம்பிக்கை கிடையாது. ஆனால் பன்னிரண்டு ராசிக்கும் நான் எழுதியதெல்லாம் அவருக்கு மனப்பாடம். "என்ன கவிஞரே, போன வாரம் கும்பத்துக்கு அமைதின்ன, இந்த வாரம் கும்பத்துக்குப் புயலுங்கற. ரெண்டு கஸ்டமரும் ஒரே தெருதான், பேசிக்கப் போறாங்க பாரு" என்பார். அவருடைய பென்சில் எப்போதும் காணாமல் போய்விடும். என் மேசைக்கு வந்து, கேட்காமல் கொள்ளாமல் என் சட்டைப் பையிலிருந்து உருவிக்கொண்டு போவார். சாயங்காலம் அது அவர் கொண்டையில் செருகியிருக்கும். நான் கேட்கமாட்டேன். மறுநாள் புதிதாக ஒன்று வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு வருவேன், அவர் எடுப்பதற்காகவே.

ஒரு சித்திரை மாதம், ஆர்டர் குறைவாக இருந்த ஒரு மத்தியானம், டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டே எனக்கு ஒண்ணு போட்டுக் குடேன் என்றார். தேதி சொல்லுங்கள் என்றேன். ஜூன் ஒன்று என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது பிறந்த தேதி தெரியாத பிள்ளைகளுக்கெல்லாம் ஜூன் ஒன்று என்று போட்டுவிடுவது அந்நாளைய வழக்கம். "எங்க இல்லத்துல நாப்பத்திரெண்டு பேரு ஜூன் ஒண்ணுல பொறந்தோம். நாப்பத்திரெண்டு கேக்கு எந்த மதர் வெட்டுவாங்க? அதனால யாருக்கும் இல்ல." பிறகு கையைத் துடைத்துக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தார். சிரிப்பு போயிருந்தது. வருடம் தெரியும், மாதம்தான் தெரியாது. தன்னைக் கொண்டுவந்து விட்டவள் பிரசவ ஆஸ்பத்திரியில் பெருக்கித் துடைக்கிற ஒருத்தி என்று இல்லத்து ஆயா சொல்லியிருக்கிறாள். அந்த ஒருத்தி ஆயாவிடம் சொன்னவை இரண்டு விஷயம்: ஏரி உடைந்து தண்டவாளத்தில் தண்ணீர் ஏறி ரயில் நின்றிருந்த சமயம், கிரகணத்தன்று பிறந்த குழந்தை. பிள்ளைத்தாய்ச்சிகள் மேல் கிரகணம் படக் கூடாது என்று நர்சுகள் வார்டு ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டார்களாம். "பட்டப்பகல்ல லைட்டப் போட்டு வெச்சிருந்தாங்களாம்" என்றார் அக்கா. "நீ எல்லாருக்கும் மாசத்த வெச்சு உலகத்தைத் தேடுற. எனக்கு மட்டும் உலகத்த வெச்சு மாசத்தைத் தேடிக் குடு."

அந்த வாக்கியத்தை அன்றைக்கே நோட்டில் குறித்துக்கொண்டேன், ஒரு கவிதைக்கு ஆகும் என்று. என் யோக்கியதை அவ்வளவுதான்.

முதலாளியின் பஞ்சாங்கக் கட்டில் அந்த வருடத்தை எடுத்துப் பார்த்தேன். கிரகணங்கள் அநேகமாக ஜோடியாகத்தான் வரும்; அமாவாசையில் சூரியனுக்கு ஒன்று, பக்கத்துப் பௌர்ணமியில் சந்திரனுக்கு ஒன்று. அந்த வருட மழைக்காலத்திலும் அப்படி இரண்டு இருந்தன. ஐப்பசி அமாவாசையில், பகலில், சூரிய கிரகணம். பதினைந்து நாள் கழித்துக் கார்த்திகைப் பௌர்ணமியில், இரவில், சந்திர கிரகணம். ஏரி எப்போது உடைந்தது என்று தெரிந்துவிட்டால் எது என்று தீர்ந்துவிடும். கார்த்திகை மாதச் செய்தித்தாள் கட்டு கைக்கெட்டும் உயரத்தில் இருந்தது. ஐப்பசிக் கட்டு பரணின் கடைக்கோடியில். ஏணியில் ஒரு படி உடைந்திருந்தது, பரணில் எலிப்புழுக்கை. நாளைக்கு ஏறலாம் என்று இரண்டு நாள் தள்ளினேன். மூன்றாம் நாள், ஏறாமலே எழுத உட்கார்ந்தேன்.

ஏணியைக் குற்றம் சொல்லித் தப்பிக்கலாம். பல வருடம் அப்படித்தான் தப்பித்தேன். ஆனால் பட்டப்பகல் என்று அவர் சொன்னது என் காதில் விழாமல் இல்லை. எனக்குப் பகல் வேண்டாம். எனக்கு நிலா வேண்டியிருந்தது. தெருவெங்கும் அகல் விளக்கு எரிகிற கார்த்திகை இரவு, மேலே நிழல் விழுந்த நிலா, கீழே சாத்திய ஜன்னலுக்குப் பின்னால் ஒரு குழந்தை. இதை விட்டுவிட்டு எவன் பகலை எழுதுவான்? கார்த்திகை மாதம், ரிஷப ராசி, ரோகிணி நட்சத்திரம் என்று முதலாளி குறித்துக் கொடுத்தார். அந்த மாதத்து உலகத்தைக் கட்டிலிருந்து எடுத்தேன்: தூர தேசமொன்றில் ஆட்சி கவிழ்ந்தது, பனிமலையில் வழி தவறிய ஒரு கூட்டம் உயிரோடு திரும்பியது. கூடவே, அந்தக் கட்டில் எங்குமே இல்லாத ஒரு வரியையும் சேர்த்தேன்: 'தாம்பரத்தை அடுத்த ஏரி உடைந்து ரயில்கள் நின்றன.' அவர் சொன்னதையே, செய்தித்தாளில் பார்த்ததுபோல, அவருக்கே ஆதாரமாகத் திருப்பிக் கொடுத்தேன்.

என் கையெழுத்தைப் பார்த்து அக்காதான் அதைத் தட்டச்சு செய்தார். ஏரி வரி வந்ததும் நிறுத்தினார். "கெடச்சுதா?" என்றார், திரும்பாமல். ஆமாம் என்றேன். கீழே மில் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு பகலில் என்றுதானே ஆயா சொன்னாள், நீ இரவு என்று போட்டிருக்கிறாயே என்று கேட்டார். ஆயாவுக்கு வயதாகிவிட்டது, மாற்றிச் சொல்லியிருப்பாள் என்றேன். பேப்பரில் இருப்பதைவிடவா ஆயா சொன்னது பெரிது என்று அவரும் தலையாட்டிவிட்டார். அச்சில் வந்ததை நம்புவதுதான் அவர் பிழைப்பு. திருத்திக் கொடுத்த எதையும் அவர் இரண்டாம் முறை சந்தேகப்பட்டதில்லை.

சுவரில் மாட்டிக்கொள்வார், அத்தோடு போகும் என்றுதான் நினைத்தேன். ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை அவர் அந்தப் பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போனார். பிறப்புப் பதிவேடு பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். முன்பும் ஒரு தடவை போய், மாதம் சொல்லத் தெரியாமல் திரும்பியவர். அங்கிருந்த குமாஸ்தா அப்போது சொன்னதை அவர் நடித்தே காட்டினார்: "இன்னாமா, மாசம் தெரியாம வந்து நின்னா நான் இன்னா பண்றது? ஒவ்வொரு பொஸ்தகமும் அம்மிக்கல்லு மாரி கீது." இந்த முறை அவரிடம் தேதியே இருந்தது. பெரிய பைண்டு புத்தகம். ஐப்பசியும் கார்த்திகையும் அதே புத்தகத்தில்தான். நேராகக் கார்த்திகைப் பௌர்ணமியைப் பிரித்திருக்கிறார். அன்றைக்கு மூன்று பிரசவம்; இரண்டு ஆண், ஒரு பெண். பெண் குழந்தை பெற்றவளின் விலாசம் கீழ்க்கட்டளை. பத்துப் பதினைந்து பக்கம் பின்னோக்கித் தள்ளியிருந்தால் ஐப்பசி அமாவாசை வந்திருக்கும். தள்ளுவதற்கு அவருக்கு ஒரு காரணமும் இல்லை. அவர் கட்டைவிரலுக்கு அடியில் அந்தப் பக்கங்கள் இருந்திருக்கின்றன.

கீழ்க்கட்டளையில் அந்த விலாசத்திலேயே அந்த அம்மா இருந்தார். பள்ளிக்கூடச் சத்துணவில் சமைத்து ஓய்வு பெற்றவர். புருஷன் போய்விட்டார், வேறு பிள்ளை இல்லை. பிரசவத்தில் ஜன்னி கண்டு மூன்று நாள் நினைவில்லாமல் கிடந்திருக்கிறார். கண் விழித்தபோது குழந்தை இறந்துவிட்டது, புதைத்தாகிவிட்டது என்று மாமியார் சொல்லியிருக்கிறாள். முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. முப்பத்தெட்டு வருடம் கழித்து வாசலில் ஒருத்தி வந்து நின்று, அந்த நாளையும் அந்த ஆஸ்பத்திரியையும் சொன்னால் என்ன செய்வார்? அக்காவின் இரண்டு கையையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். பெண் குழந்தை என்று மாமியார்தான் அந்தப் பெருக்குகிறவளிடம் கொடுத்தனுப்பிவிட்டுப் பொய் சொல்லியிருக்க வேண்டும் என்று இருவரும் முடிவுகட்டினார்கள். அடுத்த வருடம் அவரைத் தன் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டார் அக்கா. அலுவலகத்தில் எல்லோருக்கும் லட்டு. எனக்கு மட்டும் இரண்டு. கேட்காமல் பென்சில் உருவுகிறவர், அன்று என் பையில் ஒரு புதுப் பென்சிலைச் செருகிவிட்டுப் போனார்.

அப்போதுகூட எனக்கு நிச்சயமாகத் தெரியாது. ஒருவேளை நிலாவே சரியாக இருக்கலாம் என்று சொல்லிக்கொண்டேன். அதற்கும் அடுத்த வருடம் முதலாளி கடையைக் கட்டினார். பரணிலிருந்து கட்டுகளைத் தள்ளி எடைக்குப் போட்டோம். ஐப்பசிக் கட்டு கயிறு அறுந்து என் காலடியில் விரிந்தது. தேடாமலே கிடைத்தது. அமாவாசைக்கு மறுநாள் தாள்: ஏரிக்கரை உடைந்த செய்தி, இடுப்பளவு நீரில் நிற்கிற ரயில் பெட்டிகளின் படம், கீழே சின்னதாக, மேகத்துக்கு இடையே தெரிந்த சூரிய கிரகணம். அக்கா பக்கத்து அறையில் கம்ப்யூட்டருக்கு உறை போட்டுக்கொண்டிருந்தார். நான்கு எட்டு வைத்தால் போதும். தாளை மடித்து என் தோள்பையின் உள்ளறையில் வைத்துக்கொண்டேன்.

சொல்லிவிடுவது என்றுதான் ஒரு மாதம் கழித்துச் சிட்லபாக்கத்துக்குப் போனேன். சாப்பிடச் சொன்னார்கள். அந்த அம்மா வைத்த வஞ்சிரக் குழம்பு. பேச்சு எப்படியோ சுவரில் இருந்த சட்டத்துக்குப் போயிற்று; அக்கா ஏரி உடைந்த வரியை மனப்பாடமாகச் சொன்னார். பரிமாறிக்கொண்டிருந்த அந்த அம்மா கரண்டியோடு நின்றார். "தண்ணிலாம் அதுக்கு முன்னியே வடிஞ்சிபோச்சே கண்ணு. வலி எடுத்து நான் ரயில்லதான குந்திகினு போனேன்." அக்கா சிரித்தார். "உனக்கு நேத்து வெச்ச கொழம்பே ஞாபகம் இருக்காது. கவிஞர் பேப்பரப் பாத்துதான எழுதுனாரு. என்ன கவிஞரே?" இருவரும் என்னைப் பார்த்தார்கள். நாற்காலிக் காலடியில் என் பை. ஆமாம் என்றேன். அந்த அம்மா உடனே ஒப்புக்கொண்டார். தனக்குத்தான் மறதி என்று நெற்றியில் தட்டிக்கொண்டு எனக்கு இன்னொரு துண்டு மீன் வைத்தார். தன் வாழ்க்கையில் சரியாக ஞாபகம் வைத்திருந்த ஒரு நாளை எனக்காக அவர் விட்டுக்கொடுத்தார். மீன் முள் இல்லாமல் இறங்கியது.

ஒவ்வொரு கார்த்திகை தீபத்தன்றும் அக்காவுக்குப் பிறந்தநாள். சுற்றிலும் வீடுகளில் அகல் ஏற்றுவார்கள். "பாத்தியா, ஊரே எனக்கு மெழுகுவத்தி ஏத்துது" என்பார். நான் போவேன், கேக் தின்பேன், முதுகு காட்டி உட்காருவேன். இடையில் எனக்குக் கல்யாணம் ஆயிற்று, இரண்டு கவிதைப் புத்தகம் வந்தது, மூன்று பை மாற்றினேன். பை மாற்றும்போதெல்லாம் அந்தத் தாளும் இடம் மாறியது. பதினேழு வருடம்.

இந்தப் புரட்டாசியில் அந்த அம்மா போய்விட்டார். தெருமுனையில் ஒட்டிய அஞ்சலிச் சுவரொட்டியில் மகள் என்று ஒரே ஒரு பெயர். முப்பதாம் நாள் படையல் முடிந்து எல்லோரும் போனபின் நான் உட்கார்ந்தே இருந்தேன். இனி மறைத்து யாரைக் காப்பாற்ற வேண்டும் என்று எனக்குள் ஒரு நியாயம் கிளம்பியிருந்தது. பையிலிருந்து அந்தச் செய்தித்தாளை எடுத்து அவர் மடியில் வைத்தேன்.

கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். பிழை திருத்துகிறவர் படிப்பதுபோல, விரலை வரிக்கு அடியில் வைத்துக் கடைசிவரை படித்தார். தேதியை இரண்டு தடவை.

"பகல்லன்னு நான் சொன்னேன்ல?"

"சொன்னீங்கக்கா."

"அப்பறம் ஏன் ராத்திரின்னு போட்ட?"

ஏணி, எலி, ஆர்டர் எல்லாம் வாய்வரை வந்தன. "நல்லா இருந்துச்சுக்கா" என்றேன்.

அவர் திட்டவில்லை. திட்டுவார் என்று எதிர்பார்த்து, திட்டு வாங்கும் முகத்தைத் தயாராக வைத்திருந்தேன். சுவரில் புதிதாக மாட்டியிருந்த அந்த அம்மாவின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ அவங்க பாப்பா நெஜமாவே செத்துதான் போச்சு" என்றார். அவருக்கு முதலில் தோன்றியது அதுதான். பிறகு, அந்த ஐப்பசிப் பக்கங்களை இப்போது போய்ப் பார்க்க முடியுமா என்று கேட்டார். போன வாரமே நான் போய் விசாரித்திருந்தேன். பழைய கட்டடத்தை இடித்துவிட்டார்கள். புத்தகங்களெல்லாம் ஒரு மழையில் ஊறிக் கூழாகிவிட்டதாம். அதையும் சொன்னேன்.

நாற்காலி போட்டு ஏறினார். சட்டத்தைக் கழற்றி முந்தானையால் கண்ணாடியைத் துடைத்து என் கையில் கொடுத்தார். "இது நீ எழுதுனது, நீயே வெச்சுக்க." வாசல்வரை வந்தார். "அவங்க சாவறவரைக்கும் உனக்குத் தாங்குச்சு. நானும் சாவறவரைக்கும் தாங்கியிருக்கலாம்ல? உன் பாரத்த எறக்கி வெக்க என் வூடுதானா கெடச்சுது?" இல்லத்து மதர்கள் பழக்கியதில் மெட்ராஸ் பாஷை கலக்காத பேச்சு அவருடையது. 'வூடு' என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. அது அந்த அம்மாவின் சொல்.

சட்டம் என் அறையில் மேசைக்குப் பின்னால் சுவரைப் பார்த்துக் கிடந்தது. தீபாவளி வந்தது. ஐப்பசி அமாவாசை. தாம்பரம் முழுக்க வெடி வெடித்தது. அக்கா நிஜமாகப் பிறந்த நாளில் ஊரே கொண்டாடிக்கொண்டிருந்தது, அவரைத் தவிர. அடுத்த வாரம் தாளைக் கிழித்துப் போட்டுவிடலாம் என்று சட்டத்தின் பின்பலகையை நெம்பினேன். தாளின் பின்பக்கம் எழுத்தால் நிறைந்திருந்தது. பென்சில் எழுத்து, அக்காவின் கையெழுத்து. கார்த்திகைக்கு ஒரு வரி, பதினெட்டு வரிகள். 'அம்மாவோடு முதல் வருஷம். கேக் பிடிக்கவில்லை என்கிறாள். கேசரி கிண்டினோம்.' 'அம்மா விளக்கில் சுட்டுக்கொண்டாள். திட்டினேன்.' 'எனக்குச் சடை பின்னிவிட்டாள். ஐம்பது வயசில்.' 'கண் ஆபரேஷன் முடிந்து என்னைப் பார்த்து, கறுத்துப்போயிட்டியே என்றாள்.' கடைசி வரி போன வருடத்தது: 'அம்மா இந்த வருஷம் எழுந்திருக்கவில்லை. மெழுகுவத்தியை அவள் கட்டிலுக்குக் கொண்டுபோனேன்.' அதன் கீழே, நான்கு விரற்கடை வெற்றிடம்.

அந்த மாதம் உலகத்தில் என்ன நடந்தது என்று நான் எழுதியதில் ஒரு வரிகூட இவற்றுக்குப் பக்கத்தில் நிற்காது. இதை வைத்திருக்க எனக்கு உரிமையில்லை. பலகையைப் பழையபடி அடித்தேன். என்றைக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது என்று நாளைத் தள்ளித் தள்ளி, கடைசியில் கார்த்திகை தீபத்தன்று சாயங்காலம் போய் நின்றேன். சிட்லபாக்கத்துத் தெருவில் விளக்குகளை அப்போதுதான் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார்கள். அக்கா வீட்டு வாசலில் எதுவும் இல்லை. கேட்டுக்கு வந்தார். திறக்கவில்லை. கம்பி வழியே சட்டத்தைச் சாய்த்து நீட்டினேன், வாங்கிக்கொண்டார். ஓரத்து ராசிகளையோ தங்க எழுத்தையோ பார்க்கவில்லை. திருப்பிப் பின்பலகையைத் தடவினார். ஆணிகள் புதிதாக அடித்திருப்பது விரலுக்குத் தெரிந்திருக்கும். நான் படித்துவிட்டேன் என்பதும்.

போய்விடலாம் என்று திரும்பினேன்.

"பென்சில் இருக்கா?" என்றார்.

இருந்தது. கேட்டுக்கு இந்தப் பக்கம், என் சட்டைப் பையில், அவர் கைக்கு எட்டாத தூரத்தில். நானே எடுத்து நீட்டினேன். கொண்டையில் செருகிக்கொள்ளவில்லை; கையிலேயே பிடித்துக்கொண்டு, சட்டத்தை மார்போடு அணைத்தபடி உள்ளே போனார்.